பெட்டிக்குள் அணு கைரோ: வாங்கலாமா?

கைரோ என்றால் சுழற்சியை அளக்கும் கருவி. ஃபைபர் கைரோ அதைக் கண்ணாடி இழைச் சுருளில் ஓடும் ஒளியால் அளக்கும், இந்தப் பெட்டி குளிர்ந்த அணுக்களால். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் ஃபைபர் கைரோவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டலாம் என்று நினைத்தால், வேண்டாம். ஃபைபர் கைரோ அப்படியே இருக்கட்டும், அதன் பயஸ் (சுற்றாமல் நிற்கும்போதும் காட்டும் பொய் எண்) நகரும்போது தட்டிக் கேட்க பக்கத்தில் ஒருத்தர் வேண்டும் என்றால், இந்தப் பெட்டியைப் பற்றிப் பேசலாம். அப்போதும் சில நிபந்தனைகளோடுதான்.

என் வேலை கைரோக்களைச் சோதிப்பது. ரேட் டேபிளில் (சொன்ன வேகத்தில் சுற்றும் மேடை) வைத்துச் சுற்றுவது, அதிராத தூணில் வைத்துச் சும்மா விடுவது, சூடாக்குவது, ஆறவிடுவது, கடைசியில் ஆலன் வளைவு (எவ்வளவு நேரம் சராசரி எடுத்தால் பிழை எவ்வளவு குறைகிறது என்று காட்டும் கோடு) போட்டு, தயாரித்தவர் தாளில் எழுதியதற்கும் எங்கள் மேசையில் வந்ததற்கும் எவ்வளவு தூரம் என்று சொல்வது. ரிங் லேசர், ஃபைபர், அரைக்கோளக் கைரோ, மெம்ஸ் என்று எல்லா ரகமும் இந்த டேபிளில் சுற்றியிருக்கிறது. அணு கைரோ மட்டும் பாக்கி இருந்தது. காரணம் எளிது: நல்ல அணு கைரோக்கள் இதுவரை ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்பவை, அவற்றை எங்கள் டேபிளுக்கு யாரும் தூக்கி வர முடியாது. இப்போது ‘கையடக்கம்’ என்று சொல்லி ஒரு நிறுவனம் சோதனைக்கு ஒரு யூனிட் கொடுத்தது. பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி இயற்பியல் வைத்த குறை, அவர்கள் வைத்ததில்லை.

பெட்டியைப் பற்றி முதலில். சென்சார் ஹெட் செருப்புப் பெட்டி அளவுதான், அதில் பொய்யில்லை. ஆனால் காந்தப்புலத்தைத் தடுக்க உள்ளே மியூ-மெட்டல் கவசம் அடுக்கடுக்காக இருப்பதால் அளவுக்கு மீறிய கனம். ஹெட்டின் முதுகிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு கேபிள் கட்டு கிளம்புகிறது. அது போய்ச் சேரும் இடம் இடுப்பு உயர ரேக். லேசர், அதைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், மைக்ரோவேவ் சிந்தசைசர், கன்ட்ரோலர், பவர் சப்ளை எல்லாம் அங்கே. விளம்பரப் படத்தில் இந்த ரேக் கிடையாது. யானையைக் கட்டித் தீனி போடுகிற சங்கதி இது; பெட்டியைச் சுருக்கினார்கள், தீனியைச் சுருக்கவில்லை.

இந்த ரேக்கால் எங்களுக்கு உடனே ஒரு சிக்கல். ஹெட் சுற்றும்போது ரேக் கூடவே சுற்றாது. மின்சாரத்தை ஸ்லிப் ரிங் வழியாக டேபிளின் மேல் கொண்டுபோகலாம். லேசர் வெளிச்சத்தின் துருவமுனைப்பு (ஒளியலை அதிரும் திசை) குலையாமல் சுழலும் மூட்டு வழியாகக் கொண்டுபோவது பெரும் பாடு. ஆகவே கேபிள் முறுக்கிக்கொள்ளாத அளவுக்கு வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று ஊஞ்சலாட்டித்தான் சோதிக்க முடிந்தது. ஃபைபர் கைரோவைப் போல முழுச்சுற்றாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போக முடியாது. வாங்குபவர்கள் இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிக் கூடு, உயர் வெற்றிடம். அதில் ரூபிடியம்-87 ஆவி கொஞ்சம். 780 நானோமீட்டர் லேசர் ஒன்று மேலிருந்து வந்து, கீழே இருக்கும் கோடுகள் செதுக்கிய சிப்பில் பட்டுச் சிதறுகிறது. உள்ளே வரும் ஒரே கற்றையும் அது சிதறித் திரும்பும் கற்றைகளும் சேர்ந்து அணுக்களைப் பிடித்துக் குளிரவைக்கும் பொறியாகின்றன. பழைய முறையில் இதற்கு ஆறு திசையில் ஆறு கற்றை வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி லென்ஸ், தனி கண்ணாடி. ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகக் குழு 2013-ல் காட்டிய இந்த கிரேட்டிங் சிப் உத்தி வராவிட்டால் செருப்புப் பெட்டி என்ற பேச்சே எழுந்திருக்காது. பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இதுதான், சுத்தமான வேலை.

சுமார் 4 மைக்ரோகெல்வினுக்குக் குளிர்ந்த அணுக்களைப் பிறகு அவிழ்த்துவிடுகிறார்கள். அவ்வளவு குளிரிலும் அவை செகண்டுக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் எல்லாப் பக்கமும் கலைகின்றன. கலையும்போதே மூன்று லேசர் துடிப்பு. முதலாவது ஒவ்வோர் அணுவின் அலையையும் இரண்டு பாதையாகப் பிரிக்கிறது, இரண்டாவது பாதைகளைத் திருப்பிவிடுகிறது, மூன்றாவது சேர்க்கிறது. இந்த யூனிட்டில் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே 10 மில்லிசெகண்டு. கடைசியில் ஒரு கேமரா அணு மேகத்தைப் படம் பிடிக்கிறது.

டேபிள் நிற்கும்போது திரையில் தெரிவது ஒரு மங்கலான வெள்ளைப் பொட்டு, ஓரம் கலைந்து, நடுவில் பிரகாசமாக. டேபிளைச் செகண்டுக்கு 1 டிகிரி சுற்றினால் பொட்டின் ஒரு பக்கம் கறுக்கிறது. 2 டிகிரிக்குப் போனால் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முழுப் பட்டை உள்ளே வந்து உட்காருகிறது. 3 டிகிரியில் பட்டைகள் நெருங்குகின்றன, ஆனால் சாயம் வெளுத்துவிடுகிறது. சுற்றும் திசையை மாற்றினால் பட்டை எதிர்ப்பக்கமாக நகர்ந்து போகிறது. இத்தனை வருஷம் கைரோ என்றால் திரையில் ஓடும் எண்தான் எனக்கு. சுழற்சியையே ஒரு படமாகப் பார்த்தது இதில்தான். ஆய்வகத்தில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள், டேபிள் ஓட்டும் தம்பி, “அக்கா, இன்னும் ஒரு அரை டிகிரி ஏத்தட்டுமா?” என்று கேட்டுக் கேட்டு ஏற்றினான்.

பட்டை ஏன் வருகிறது என்றால், சுழற்சியால் அணுவின் அலைக்கு ஏற்படும் ஃபேஸ் மாற்றம் (அலையின் மேடு பள்ளம் முன்பின் நகர்வது) அணுவின் வேகத்தைப் பொறுத்தது. புள்ளியிலிருந்து கிளம்பிய மேகத்தில், வேகமான அணு ஓரத்தில் இருக்கும், மெதுவான அணு நடுவில் இருக்கும். வேகத்துக்கு வேகம் மாறும் ஃபேஸ், படத்தில் இடத்துக்கு இடம் மாறும் பட்டையாகிவிடுகிறது. இதில் கூடுதல் லாபம் ஒன்று உண்டு. அதிர்வும் முடுக்கமும் மேகம் முழுவதற்கும் ஒரே ஃபேஸைத்தான் கொடுக்கும். பட்டைகள் மொத்தமாக நகருமே ஒழிய இடைவெளி மாறாது. இடைவெளியிலிருந்து சுழற்சி, இருப்பிடத்திலிருந்து முடுக்கம். அதுவும் லேசர் கற்றைக்குக் குறுக்கான இரண்டு அச்சுகளின் சுழற்சி ஒரே படத்தில் கிடைக்கிறது. 10 மில்லிசெகண்டு இடைவெளியில் புவியீர்ப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அதிர்வே 0.016 ரேடியன் ஃபேஸைத் தள்ளிவிடும் என்பதால், இந்தப் பிரிவினை இல்லாமல் சின்ன அணு கைரோ பிழைக்காது.

இனி கணக்கு. அணு கைரோ விற்பவர்கள் எல்லாரும் தவறாமல் காட்டும் எண் ஒன்று உண்டு. பிரெஞ்சு இயற்பியலாளர் சாக்னாக் 1913-ல் ஒளியை வைத்துக் காட்டிய அதே விளைவுதான் இதுவும், ஆனால் ஒரே பரப்பளவுக்கு ஒளியைவிட ரூபிடியம் அணு சுமார் பத்தாயிரம் கோடி மடங்கு அதிக ஃபேஸ் தரும். அணுவின் நிறை ஆற்றலை ஃபைபரில் ஓடும் 1550 நானோமீட்டர் ஒளியின் ஆற்றலால் வகுத்தால் வரும் எண் இது. உண்மைதான். மேசையில் போட்டு மீதிக் கணக்கையும் பார்ப்போம்.

1 கிலோமீட்டர் ஃபைபரை 10 சென்டிமீட்டர் விட்டத்தில் சுற்றினால் ஒளி வளைக்கும் மொத்தப் பரப்பு 25 சதுர மீட்டர். இந்தப் பெட்டியில் செகண்டுக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் போகும் அணுவின் இரண்டு பாதைகளும் வளைக்கும் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. இங்கேயே நூறு கோடி மடங்கு போய்விட்டது. மிச்சம் நூறு மடங்கு. அடுத்து எண்ணிக்கை: ஃபைபர் கைரோவின் டிடெக்டரில் ஒரே ஒரு மைக்ரோவாட் விழுந்தாலும் அது செகண்டுக்குச் சுமார் எட்டு லட்சம் கோடி ஃபோட்டான். அணு மேகத்தில் தடவைக்குப் பத்து லட்சம் அணு, செகண்டுக்குச் சில தடவை. இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் போவதால் இங்கே ஆயிரம் மடங்கு இழப்பு. கூட்டிக் கழித்தால் ஃபைபர் பத்து மடங்கு முன்னால் நிற்கிறது, அதுவும் அணு பக்கம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடினால். எங்கள் டேபிளில் வந்ததும் அதே திசைதான்: குறுகிய நேர இரைச்சலில் பக்கத்தில் வைத்திருந்த சாதாரண ஃபைபர் கைரோவை இது தொடக்கூட இல்லை.

இதற்குக் காரணம் நேரம். சுழற்சிக் குறி (சிக்னல்) துடிப்பு இடைவெளியின் வர்க்கத்தில் வளர்கிறது. இடைவெளியைப் பத்தில் ஒன்றாக்கினால் குறி நூறில் ஒன்றாகும். பெரிய கருவிகள் ஏன் பெரியவை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. அணு பறக்க இடம் வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் 2000-ல் சூடான சீசியம் அணுக்கற்றைகளை வைத்துச் செய்த கைரோ 1 செகண்டு சராசரியில் செகண்டுக்கு 0.6 நானோரேடியன் வரை பார்த்தது. பாரிஸ் சிர்ட்டே ஆய்வகத்தின் கருவி குளிர்ந்த சீசியத்தை மேலே எறிந்து 0.8 செகண்டு பறக்கவிட்டு 11 சதுர சென்டிமீட்டர் பரப்பை வளைக்கிறது. 2018-ல் நீண்ட சராசரியில் செகண்டுக்கு 0.3 நானோரேடியன் நிலைத்தன்மையைக் காட்டினார்கள். மறுமுனையில், அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட்டின் குழு இதே புள்ளி-மேக முறையைச் சென்டிமீட்டர் அளவுக் கூட்டில் வைத்து 2019-ல் சொன்ன எண் 1 செகண்டு சராசரியில் செகண்டுக்கு 0.033 டிகிரி. ரேடியனாக மாற்றி ஸ்டான்ஃபோர்டு எண்ணோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். பூமி சுழலும் வேகத்தைவிட எட்டு மடங்கு பெரிய எண் அது. நிஸ்ட் ஆட்கள் அதை ஒளிக்கவில்லை, நேராக எழுதினார்கள். ப்ரோஷர் எழுதுபவர்கள்தான் பெரிய கருவியின் துல்லியத்தையும் சின்னக் கருவியின் படத்தையும் ஒரே பக்கத்தில் போடுகிறார்கள்.

சரி, இரைச்சலில் தோற்றாலும் பரவாயில்லை, நகராமல் இருந்தால் போதும் என்பதுதான் என் எதிர்பார்ப்பு. ஃபைபர் கைரோவின் நோய் அதுதானே. சுருளின் ஒரு பக்கம் சூடாகி மறுபக்கம் ஆறினால் பொய்ச்சுழற்சி காட்டும். ஷூப் என்பவர் 1980-ல் எழுதிய விளைவு, இன்றைக்கும் சுருள் சுற்றுபவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது. அணு அப்படியில்லை என்பது வாக்குறுதி. எல்லா ரூபிடியம்-87 அணுவும் ஒன்றேதான். லேசரின் அலைநீளம் அணு உறிஞ்சும் அலைநீளத்தை வைத்தே பூட்டப்பட்டிருக்கிறது. துடிப்பு இடைவெளி கடிகாரத்திலிருந்து வருகிறது. ஆகவே ‘அளவுத்திருத்தமே தேவையில்லை’ என்று தாளில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

டேபிளைச் செகண்டுக்கு 2 டிகிரியில் ஒரே சீராக ஆட்டிக்கொண்டே இருந்தோம். ஹெட் சொன்ன எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அறையின் ஏசி ஓடும்போது ஒரு பக்கம், நிற்கும்போது மறுபக்கம். டேபிளின் சொந்த என்கோடர் (சுழன்ற கோணத்தைக் காட்டும் அளவி) சொன்ன எண் அசையவில்லை, பக்கத்து ஃபைபர் கைரோவும் அசையவில்லை. அணு மாறவில்லை, லேசர் பூட்டும் விடவில்லை. மாறியது மேகத்தின் ஆரம்ப அளவு.

இதுதான் சின்னக் கருவியின் மர்மஸ்தானம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ‘புள்ளியிலிருந்து கிளம்பிய மேகம்’ என்று மேலே எழுதினேன். உண்மையில் அது புள்ளி இல்லை. பொறியில் இருக்கும்போதே அதற்கு 0.3 மில்லிமீட்டர் ஆரம் இருக்கிறது என்று வையுங்கள். அவிழ்த்துவிட்டு 25 மில்லிசெகண்டில் அது சுமார் 0.6 மில்லிமீட்டர் ஆகும். இரண்டு மடங்குதான் வளர்ந்திருக்கிறது. ஓரத்தில் இருக்கும் அணு வேகமாக வந்ததால் ஓரத்தில் இருக்கிறதா, ஆரம்பத்திலேயே ஓரத்தில் இருந்ததா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தக் குழப்பத்தால் பட்டை நீள்கிறது. ஸ்கேல் ஃபேக்டர், அதாவது உண்மைச் சுழற்சிக்கும் கருவி காட்டும் எண்ணுக்கும் உள்ள விகிதம், ஏட்டுக்கணக்கைவிடக் கால் பங்கு குறைகிறது. குறைவது பிரச்சினை இல்லை, ஒருமுறை அளந்து பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் குறைவு நிலையாக இல்லை. ஆரம்ப அளவு 1 சதவீதம் மாறினால் ஸ்கேல் ஃபேக்டர் அரை சதவீதம் மாறும். லேசர் சக்தி கொஞ்சம் கூடினால், பிடிபடும் அணுக்கள் கூடினால், ரூபிடியம் ஆவி அறைச்சூட்டில் கொஞ்சம் அடர்ந்தால், மேகம் பெருக்கும் அல்லது சிறுக்கும். ஃபைபர் கைரோவில் ஸ்கேல் ஃபேக்டர் பிழையைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று பேசிக்கொண்டிருக்கும் ஆட்களிடம் அரை சதவீதம் என்று சொன்னால் சிரிப்பார்கள். பத்து மீட்டர் கோபுரத்தில் அணுவை எறிந்து விளையாடுபவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அவர்கள் மேகம் விரிந்து முடிக்கும்போது ஆரம்ப அளவு ஒரு பொருட்டே இல்லை. கருவியைச் சுருக்கச் சுருக்கத்தான் இது பெரிதாகிறது.

மருந்து இருக்கிறது, இல்லாமல் இல்லை. இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்துக் குழு 2020-ல் இரண்டு வழி எழுதினார்கள். ஒன்று, ஒவ்வொரு படத்திலுமே பட்டையின் இடைவெளியோடு அதன் மற்றக் குணங்களையும் சேர்த்துப் பார்த்து, மாதிரிக் கணக்கு வைத்து அந்தப் படத்தையே திருத்துவது. மற்றொன்று, ஒன்றுவிட்டு ஒரு அளவீட்டில் தெரிந்த அளவு சுழற்சியை வேண்டுமென்றே சேர்த்து, அதிலிருந்து ஸ்கேல் ஃபேக்டரைக் கையோடு கண்டுபிடிப்பது. இதில் அளக்கும் வேகம் பாதியாகும். எங்கள் யூனிட்டில் முதல் வழி மென்பொருளில் இருக்கிறது, ஆனால் ‘ஆராய்ச்சி முறை’ என்ற மெனுவுக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டதும் ஏசியோடு ஆடிய ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. அப்படியென்றால் முதலிலிருந்தே அது ஓடியிருக்க வேண்டாமா?

இதே கதை இன்னொரு இடத்திலும். டேபிள் மோட்டாரின் காந்தம் ஹெட்டுக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் ஒரு சின்னப் பொய்ச்சுழற்சி தெரிந்தது. நிறுவனத்தின் என்ஜினீயரைக் கூப்பிட்டேன்.

“மேடம், கற்றை திருப்பும் மோட் ஆன்ல இருக்கா பாருங்க.”

“இல்லையே, ஆஃப்ல இருக்கு. நாங்க எதையும் தொடலை.”

“ஃபாக்டரியிலேயே ஆஃப்தான் மேடம். ஆன் பண்ணா ரேட் பாதியாயிடும். ப்ரோஷர்ல போட்ட நம்பர் வராது.”

இவ்வளவு நேர்மையாகப் பேசும் என்ஜினீயரை விற்பனைப் பிரிவு எப்படி போன் எடுக்கவிட்டது என்று தெரியவில்லை. அவர் சொன்ன மோட், லேசர் உதைக்கும் திசையை ஒவ்வொரு தடவையும் மாற்றுகிறது. திசை மாறினால் சுழற்சியின் ஃபேஸ் கூட்டலிலிருந்து கழித்தலாக மாறும், காந்தப்புலத்தின் ஃபேஸ் மாறாது. இரண்டையும் கழித்தால் சுழற்சி மட்டும் நிற்கும். இதன் அவசியம் சின்னதில்லை. உள்ளே 100 மில்லிகாஸ் புலம் வைத்து, அதில் சென்டிமீட்டருக்கு 1 மில்லிகாஸ் சரிவு இருந்தால், நகரும் அணுவுக்கு அது மணிக்குச் சுமார் 0.46 டிகிரி பொய்ச்சுழற்சியாகத் தெரியும். கப்பல், விமானம் வழிகாட்டும் தரம் என்று சொல்ல மணிக்கு 0.01 டிகிரி வேண்டும். மோடைப் போட்டபின் டேபிள் காந்தத்தின் பாதிப்பு இரைச்சலுக்குள் மறைந்தது. எண்ணை அழகாக்க மருந்தை அணைத்து வைத்து அனுப்புவது என்ன வழக்கமோ.

வேக வரம்பைப் பற்றி. செகண்டுக்கு 3 டிகிரிக்கு மேல் பட்டை வெளுத்து, 4 டிகிரியில் ஒன்றுமே தெரியவில்லை. இதுவும் ஆரம்ப அளவின் குற்றம்தான்: படத்தில் ஒரே இடத்தில் பல வேக அணுக்கள் கலந்து நிற்பதால் அவற்றின் ஃபேஸ்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரு கார் தெருமுனையில் திரும்பும்போது இதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றும். அதனால் லேசரைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியை ஒரு பீசோ தாங்கியில் (மின்சாரம் கொடுத்தால் நுண்ணளவில் அசைவது) வைத்து, வண்டி திரும்பும்போது கண்ணாடியை எதிர்ப்பக்கம் சாய்க்கிறார்கள். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று யார் சொல்வது? பக்கத்திலிருக்கும் ஃபைபர் கைரோ. சாய்த்ததில் பிழை இருந்தால் அது நேராகச் சுழற்சிப் பிழையாக வந்து சேரும். ஆக பீசோவின் அளவுத்திருத்தமும் நம் தலையில்.

அளக்காமல் போகும் நேரம் வேறு. அணுக்களைப் பிடித்துக் குளிரவைக்க நூறு மில்லிசெகண்டுக்கு மேல், அளப்பது இருபது. மிச்ச நேரமெல்லாம் கருவிக்குக் கண் மூடியிருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் திரும்பினால் அதற்குத் தெரியாது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தார் 2014-ல் இரண்டு பொறிகளுக்கு நடுவே இரண்டு மேகங்களை எதிரெதிராக எறிந்து, அளந்து முடித்த அணுக்களையே மறுபக்கம் பிடித்து மறுபடி பயன்படுத்தி, செகண்டுக்கு 60 அளவீடு காட்டினார்கள். அதற்கு விலையாகப் பறக்கும் நேரம் இன்னும் சுருங்கும், குறி வர்க்கத்தில் விழும்.

தூண் சோதனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டேபிளில் சுற்ற ஹெட்டைப் பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டும், ஏனென்றால் கற்றையின் அச்சைச் சுற்றிய சுழற்சி இதற்குத் தெரியாது. படுத்தால் 25 மில்லிசெகண்டில் மேகம் 3 மில்லிமீட்டர் விழுந்து கற்றையின் நடுவை விட்டு விலகுகிறது. பட்டையின் பிரகாசம் குறைகிறது. தூணில் நிமிர்த்தி வைத்தால் மேகம் கற்றையோடு விழும், நன்றாக இருக்கும். நிமிர்ந்த நிலையில் அது பார்ப்பது பூமிச் சுழற்சியின் கிடைமட்டக் கூறு, அதாவது வடக்கு எது என்பதை. ஆசை காட்டும் வேலைதான். ஆனால் பூமியின் வேகத்துக்கு ஒரு பட்டையின் நீளம் கிட்டத்தட்ட 1 மீட்டர். மேகமோ கலைந்த ஓரங்களையும் சேர்த்து 2 மில்லிமீட்டர். அந்த நீளத்தில் கிடைக்கும் ஃபேஸ் ரேடியனில் நூறில் ஒரு பங்கு சொச்சம். கண்ணாடியைச் சாய்த்து ஒரு பட்டையை வேண்டுமென்றே வரவழைத்து, அதில் வரும் துளி மாற்றத்தைப் பார்த்து, ஹெட்டை 180 டிகிரி திருப்பி வைத்து மறுபடி பார்த்து, கூட்டின் கண்ணாடி ஜன்னல் வளைவால் வரும் நிலையான கோலத்தைக் கழித்து, இரவு முழுக்கச் சராசரி எடுத்தால் வடக்கு வருகிறது. நல்ல ஃபைபர் கைரோ இதைச் சில நிமிடத்தில் முடிக்கும். இருந்தாலும் விடிகாலையில் ஒரு விஷயம் கவனித்தேன்: எல்லாத் திருத்தமும் போட்டபின் இதன் ஆலன் வளைவு இன்னும் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது, ஃபைபரின் வளைவு எப்போதோ தரைதட்டி மேலே திரும்பியிருந்தது. இந்தப் பெட்டிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் முழுக்க அந்த ஒரு கோட்டுக்குத்தான்.

வெற்றிடத்தைப் பற்றிக் குறை இல்லை. உள்ளே சின்ன அயான் பம்ப் ஒன்றும் வாயு உறிஞ்சியும் இருக்கின்றன. பம்ப்பின் காந்தத்தை ஒழுங்காக மூடியிருக்கிறார்கள். சாண்டியாவில் 2021-ல் பம்ப்பே இல்லாமல் உறிஞ்சியை மட்டும் வைத்து 200 நாளுக்கு மேல் குளிர் அணுக்களைப் பிடித்துக்காட்டினார்கள். இவர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. கண்ணாடி அலுமினோசிலிகேட் ரகம். சாதாரண போரோசிலிகேட்டில் காற்றிலிருக்கும் ஹீலியம் ஊடுருவி மெல்ல மெல்ல உள்ளே சேரும், இதில் அது பெருமளவு குறையும். ஆனாலும் பக்கத்து அறையில் ஹீலியம் வைத்துக் கசிவு பார்ப்பவர்கள் இருந்தால் ஹெட்டை அங்கிருந்து தள்ளி வையுங்கள். லேசரும் நன்று: தொலைத்தொடர்புக்காரர்களின் 1560 நானோமீட்டர் ஃபைபர் லேசரை இரட்டித்து 780 ஆக்குகிறார்கள். பாகங்கள் எங்கும் கிடைக்கும், உறுதியானவை. ரேக்கை ஒருமுறை தெரியாமல் இடித்தோம், பூட்டு விடவில்லை.

அணுவை ஃபைபர் போலச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டால் பரப்பு கூடுமே என்று கேட்பீர்கள். கேட்டிருக்கிறார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2020-ல் காந்தப் பொறிக்குள் அணுக்களை வட்டமடிக்கவிட்டார்கள். லாஸ் அலமோஸில் 2023-ல் நகரும் ஒளிக்குழாய்க்குள் போகவிட்டார்கள். இரண்டிலும் பரப்பு சதுர மில்லிமீட்டர் கணக்குக்கு வந்துவிட்டது, எங்கள் பெட்டியைவிடப் பல மடங்கு. அந்த வழியில் ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தால் டேபிளை உடனே காலி செய்து வைப்பேன்.

இப்போதைக்கு யாருக்கு இது? மெதுவாக நகரும் அல்லது நகராத இடத்தில் இருப்பவர்களுக்கு, ரேக்குக்கு இடமும் மின்சாரமும் உள்ளவர்களுக்கு, ஏற்கெனவே நல்ல ஃபைபர் கைரோ வைத்திருந்து அதன் பயஸை மணிக்கணக்கில் கண்காணிக்க வேண்டியவர்களுக்கு. வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓட நினைப்பவர்களுக்கு இல்லை. ஆர்டர் போடும்போது மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: கற்றை திருப்பும் மோடும் மேக அளவுத் திருத்தமும் ஆனில் இருக்கும்போது வரும் எண்கள் என்ன, பீசோ கண்ணாடியின் அளவுத்திருத்தத் தாள் எங்கே, கேமராவின் மூலப்படங்கள் கைக்கு வருமா. மூன்றாவதை விட்டுக்கொடுக்காதீர்கள். எங்களுக்கு முதலில் வந்தது செகண்டுக்குச் சில எண்கள் மட்டும் கொண்ட கோப்புதான். படங்களைத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டி வந்தது. வந்த படங்களிலும் நேரக்குறி படம் எடுத்த நொடியைச் சொல்லவில்லை, கோப்பை எழுதி முடித்த நொடியைச் சொல்கிறது. டேபிள் என்கோடரோடு ஒத்துப்பார்க்க முதல் துடிப்பின் நேரம் வேண்டும். அடுத்த மென்பொருள் பதிப்பில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை.